மூழ்கிய போர்க்கப்பலைக் காத்தலும் காட்சிப்படுத்தலும்: ஒஸ்லோவின் படிப்பினைகளும் தமிழ்க் கடற்கரையும்

முன்னுரை

நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில், பழைய கப்பல்கட்டும் தளமாக இருந்து இன்று உலாவிடமாக மாறியுள்ள ஆக்கர் பிரிக்கே என்னும் துறைமுகப் பகுதியில், பெரிய இரும்பு நங்கூரம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. 1940 ஏப்ரல் 9ஆம் நாள் விடியலில் ஒஸ்லோவைக் கைப்பற்ற வந்து மூழ்கிய ‘புளூக்கர்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலின் நங்கூரம் அது. கப்பல் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ட்ரோபாக் நீரிணையின் அடியில் இன்றும் கிடக்கிறது. அதே துறைமுகத்துக்கு எதிரே அமைந்த பிக்டோய் தீபகற்பத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மூன்று வைக்கிங் கப்பல்கள் பெருமுயற்சியுடன் காக்கப்பட்டு வருகின்றன.

பழங்கப்பலை என்ன செய்வது என்னும் வினாவுக்கு ஒரே நகரம் இரண்டு விடைகளைத் தந்திருக்கிறது. ஒன்று, எடுத்து வந்து கூரையின்கீழ்க் காட்சிப்படுத்துவது. மற்றொன்று, கிடந்த இடத்திலேயே விட்டு, அதன் நினைவை மட்டும் கரைக்குக் கொண்டுவருவது. இவ்விரு விடைகளின் அறிவியல், சட்ட, அற அடிப்படைகளை விளக்குவதும், அவற்றின் ஒளியில் தமிழ்க் கடற்கரையின் நிலையைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். கடலாண்ட மரபு பற்றி நாம் மிகுதியாகப் பேசுகிறோம். ஆனால் சோழர் கடற்படையைச் சேர்ந்தது என்று சுட்டத்தக்க கப்பல் எதுவும் இதுவரை நமக்குக் கிடைத்ததில்லை. நாளை ஒன்று கிடைக்குமாயின் அதனைக் காக்கும் ஆயத்தம் நம்மிடம் உண்டா என்பதே இக்கட்டுரையின் பின்னணியில் உள்ள வினா.

1. நீர்தோய்ந்த மரத்தின் இயல்பு

நெடுங்காலம் நீரிலோ சேற்றிலோ கிடந்த மரம் பார்வைக்கு உறுதியானதாகத் தோன்றும். ஆனால் அதன் உட்கட்டமைப்பு அழிந்திருக்கும். மரத்தின் வலிமைக்குக் காரணமான செல்லுலோசை நுண்ணுயிரிகள் மெல்ல மெல்ல உண்டுவிடுகின்றன. லிக்னின் என்னும் பொருளாலான மெல்லிய கூடு மட்டும் எஞ்சுகிறது. இழந்த பொருளின் இடத்தை நீர் நிரப்பி, அக்கூட்டை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. இந்நிலையில் மரம் வெயிலில் உலருமானால், வெளியேறும் நீரின் பரப்பு இழுவிசை கண்ணறைகளை உள்நோக்கி இழுத்து நசுக்கிவிடும். சில நாள்களிலேயே மரம் சுருங்கி, முறுக்கி, வெடித்து, தன் வடிவத்தை மீட்க இயலாதவாறு இழக்கும்.

ஆகவே நீர்தோய்ந்த கப்பலைக் காத்தல் என்பது, உள்ளே இருக்கும் நீரை வேறொரு பொருளால் பதிலீடு செய்வதேயாகும். அப்பொருள் ஆழமாக ஊடுருவ வேண்டும். மரத்தை அரிக்கக் கூடாது. காலத்தால் மாறுதலடையக் கூடாது. தேவையேற்படின் பின்வரும் தலைமுறையினர் அதை நீக்குவதற்கும் இடமளிக்க வேண்டும். இந்நான்கையும் முழுமையாக நிறைவேற்றும் பொருள் இன்றுவரை கண்டறியப்படவில்லை. வட ஐரோப்பியக் கப்பல்களின் வரலாறு, ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத் தெரிந்த சிறந்த பொருளைக் கையாண்டதும், அடுத்த தலைமுறை அதன் விளைவை எதிர்கொண்டதுமான வரலாறாகும்.

2. பிக்டோயின் வைக்கிங் கப்பல்கள்

பிக்டோயில் உள்ள மூன்று கப்பல்களும் போரில் மூழ்கியவை அல்ல. இறந்தோருடன் மண்மேடுகளில் புதைக்கப்பட்டவை. ஆயினும் ஈரக் களிமண் காற்றோட்டத்தைத் தடுத்தமையால், நீரடியில் கிடந்த மரத்துக்குரிய இயல்பே இவற்றுக்கும் வாய்த்தது. தூனே கப்பல் 1867இலும், கொக்ஸ்டாட் கப்பல் 1880இலும், ஓசெபெர்க் கப்பல் 1904இலும் அகழ்ந்தெடுக்கப்பட்டன.

இவற்றுள் போர்க்கலம் என்னும் பெயருக்கு நெருங்கியது கொக்ஸ்டாட். கி.பி. 890ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட இக்கப்பல் ஏறத்தாழ 23 மீட்டர் நீளமுடையது. 32 துடுப்புகள் கொண்டது. அதன் இருபுறமும் பக்கத்துக்கு 32 என 64 கேடயங்கள் மாட்டப்பட்டிருந்தன. அதில் அடக்கம் செய்யப்பட்டிருந்த ஆணின் எலும்புகளில் வெட்டுக்காயங்களின் தடயங்கள் உள்ளன. 1893இல் இதன் படியாகக் கட்டப்பட்ட கப்பலொன்று அட்லாண்டிக்கைக் கடந்து சிக்காகோ உலகக் கண்காட்சிக்குச் சென்றது. பழங்கப்பலின் திறனை அறிய மூலத்தைத் துன்புறுத்த வேண்டியதில்லை, படியொன்றைக் கட்டிக் கடலில் விட்டுப் பார்க்கலாம் என்னும் ஆய்வுமுறைக்கு அப்பயணம் முன்னோடியாயிற்று.

ஓசெபெர்க் கப்பல் 820ஆம் ஆண்டளவில் கருவாலி மரத்தால் கட்டப்பட்டு, 834இல் இரு பெண்களுடன் புதைக்கப்பட்டது. மேட்டின் எடையால் நசுங்கி அது ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதைந்திருந்தது. பேராசிரியர் காப்ரியேல் குஸ்தாஃப்சன் தலைமையில் எடுக்கப்பட்ட துண்டுகளை மெல்ல உலர்த்தி, வளைந்தவற்றை நீராவியால் இளக்கி நேராக்கி, மீண்டும் கப்பலாக இணைக்க 21 ஆண்டுகள் தேவைப்பட்டன. இன்று காணும் கப்பலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பழைய மரமே. கட்டடக்கலைஞர் ஆர்ன்ஸ்டைன் ஆர்னெபெர்க் வரைந்த அருங்காட்சியகத்துக்கு 1926இல் இது கொண்டுவரப்பட்டது. ஏனைய இரு கப்பல்களும் 1932இல் வந்து சேர்ந்தன.

3. படிகாரத்தின் நூறாண்டு விளைவு

ஓசெபெர்க் கப்பலின் உடல் உறுதியான கருவாலியால் ஆனதாகையால், மெதுவான உலர்த்தலைத் தாங்கிக்கொண்டது. ஆனால் அதனுடன் கிடைத்த, நுண்ணிய செதுக்கு வேலைப்பாடுடைய சறுக்குவண்டிகள் உள்ளிட்ட பல பொருள்கள் எளிதில் சிதையும் வேறு மரங்களால் ஆனவை. அவற்றுக்கு அன்றைய சிறந்த முறையான படிகார முறை கையாளப்பட்டது. டென்மார்க்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான முறை இது. பொருள்களை ஏறத்தாழ 90 பாகை வெப்பமுடைய அடர்ந்த படிகாரக் கரைசலில் மணிக்கணக்கில் வைத்து எடுத்தனர். குளிர்ந்ததும் படிகாரம் மரத்தினுள் படிகமாகி, சுருங்காமல் தாங்கிப் பிடித்தது. அதன்மேல் ஆளிவிதை எண்ணெயும் மெருகுப்பூச்சும் பூசப்பட்டன.

படிகாரம் தமிழர்க்குப் புதிய பொருளன்று. கலங்கல் நீரைத் தெளிய வைப்பதும், முடிதிருத்துநர் முகத்தில் தடவுவதும், திருட்டி கழிய வாயிலில் கட்டித் தொங்கவிடுவதும் அதுவே. இத்தகைய எளிய உப்பு தீங்கு செய்யும் என 1905இல் எவரும் எண்ணியிருக்க இயலாது. ஆனால் கொதிநிலையை நெருங்கிய நீரில் படிகாரம் கந்தக அமிலத்தை வெளிவிடுகிறது. அவ்வமிலம் மரத்தினுள் தங்கி, எஞ்சியிருந்த செல்லுலோசையும் பின்னர் லிக்னினையும் நூறு ஆண்டுகளாக அரித்து வந்தது. இன்று சில பொருள்களின் உட்புறம் கடுமையான அமிலத் தன்மையுடன் பொடியாகியிருக்கிறது. மேற்பூச்சின் தோலும் உள்ளிருக்கும் படிகமும் சேர்ந்தே அவற்றின் வடிவத்தைத் தாங்கி நிற்கின்றன. காண்போர் கண்ணுக்கு அப்பொருள் முழுமையாகவே தெரியும். கையால் எடுத்தால் உதிரும்.

ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகம் 2014இல் ‘ஓசெபெர்க்கைக் காத்தல்’ என்னும் பொருளுடைய பெயரில் தனி ஆய்வுத்திட்டத்தைத் தொடங்கியது. அமிலத்தை நடுநிலையாக்க, ஆல்கஹாலில் கலந்த கால்சியம் ஹைட்ராக்சைடு நுண்துகள்கள் போன்றவை சோதிக்கப்பட்டன. இங்கு எழும் இடர்ப்பாடு கடினமானது. படிகாரத்தை நீக்காவிடில் அழிவு தொடரும். நீக்கப் பொருளை நீரில் இட்டால், தாங்கி நிற்கும் படிகம் கரைந்து பொருளே கலைந்துவிடக் கூடும். முன்னோர் காட்டிய அக்கறையே இன்று பிணியாகி நிற்கிறது. அவர்களைக் குறைகூறுவதற்கு இடமில்லை. அவர்கள் அம்முறையைக் கையாண்டிராவிடில், அப்பொருள்கள் அன்றே சுருங்கி அழிந்திருக்கும். நாம் அறியவேண்டியது, ஒரு பொருளைக் காக்கும் செயல் ஒருமுறை செய்து முடிப்பதன்று என்பதே.

கட்டடமும் போதாததாயிற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் வந்துசெல்லும் கூடத்தில் வெப்பமும் ஈரப்பதமும் ஓயாது மாறின. கப்பல்களைத் தாங்கிய பழைய முட்டுகளும் வலுவிழந்தன. நகரின் வேறொரு பகுதியில் புதிய அருங்காட்சியகம் எழுப்பி அங்கே கொண்டு செல்வதா, இருக்கும் இடத்திலேயே விரிவாக்குவதா என்னும் விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. தொலைவான பயணத்தின் அதிர்வைக் கப்பல்கள் தாங்கா என்ற கருத்து வலுப்பெற, பிக்டோயிலேயே விரிவாக்குவது என முடிவாயிற்று. பழைய அருங்காட்சியகம் 2022 செப்டம்பரில் மூடப்பட்டு, ‘வைக்கிங் கால அருங்காட்சியகம்’ என்னும் பெயரில் புதிய கட்டடம் எழுப்பப்பட்டு வருகிறது. 2025 செப்டம்பரில் ஓசெபெர்க் கப்பல் எஃகுச் சட்டகத்தில் தொங்கவிடப்பட்டு ஏறத்தாழ நூறு மீட்டர் தொலைவு நகர்த்தப்பட்டது. அச்சிறு தொலைவுக்கு மணிக்கணக்கில் நேரமும், பல ஆண்டுக்கால ஆயத்தமும் தேவைப்பட்டன.

4. வாசா: உண்மையில் மூழ்கிய போர்க்கப்பல்

மூழ்கிய போர்க்கப்பலை முழுமையாக எடுத்துக் காட்சிப்படுத்தியதன் தலைசிறந்த எடுத்துக்காட்டு, அண்டை நாடான சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் உள்ளது. மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃபுக்காகக் கட்டப்பட்ட ‘வாசா’, 64 பீரங்கிகளுடன் 1628 ஆகஸ்ட் 10 அன்று தன் முதற்பயணத்தில், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவும் செல்லாமல் துறைமுகத்திலேயே கவிழ்ந்தது. ஆண்டர்ஸ் ஃபிரான்சென் என்பவர் 1956இல் அதன் இருப்பிடத்தைக் கண்டறிந்தார். 32 மீட்டர் ஆழத்தில் கிடந்த கப்பல் 1961 ஏப்ரல் 24 அன்று நீர்மட்டத்துக்கு மேல் எழுந்தது.

வாசா பிழைத்தமைக்குக் காரணம் பால்டிக் கடலின் குறைந்த உப்புத்தன்மையாகும். மரத்தைத் துளைத்து உண்ணும் கப்பற்புழு அந்நீரில் வாழ்வதில்லை. எடுத்த பின்னர் 17 ஆண்டுகள் கப்பலின்மீது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் மெழுகுபோன்ற பொருளின் கரைசல் தெளிக்கப்பட்டது. அதன்பின் மெதுவாக உலர்த்தப்பட்டது. இன்றைய அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது ஆண்டு 1990. அதாவது, நீரிலிருந்து எடுத்ததற்கும் நிலையான கூடத்தில் நிறுத்தியதற்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம் கழிந்தது.

அங்கும் கதை முடியவில்லை. 2000ஆம் ஆண்டின் மழைமிகுந்த கோடையில், கூடத்தின் ஈரப்பதம் உயர்ந்தபோது, மரப்பரப்பில் வெண்மையும் மஞ்சளுமான உப்புப் படிவுகள் தோன்றின. மாசடைந்த துறைமுக நீரிலிருந்து மரம் உறிஞ்சியிருந்த கந்தகம், துருப்பிடித்த இரும்பு ஆணிகளின் தூண்டலால் காற்றுடன் சேர்ந்து அமிலமாக மாறிவந்தது. ஓசெபெர்க்கில் மனிதர் இட்டது அமிலம். வாசாவில் நகரக் கழிவு இட்டது அமிலம். பின்னர் ஆயிரக்கணக்கான இரும்பு ஆணிகள் அகற்றப்பட்டுத் துருவேறா எஃகு ஆணிகள் பொருத்தப்பட்டன. ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாடும் புதுப்பிக்கப்பட்டது.

டென்மார்க்கின் ரொஸ்கில்டில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. எதிரிக் கப்பல்கள் நுழையாவண்ணம் பதினோராம் நூற்றாண்டில் நீர்வழியை அடைக்க வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட ஐந்து கப்பல்கள், 1962இல் அணையிட்டு நீரிறைத்து எடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 1042இல் டப்ளினில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுடைய போர்க்கலம். அதன் பகுதிகளே எஞ்சியமையால், இழந்த பகுதிகளைப் புதுமரத்தால் நிரப்பி ஏமாற்றாமல், உலோகக் கோடுகளால் வடிவத்தை மட்டும் சுட்டிக்காட்டினர். அக்கலத்தின் படி 2007இல் டப்ளினுக்குப் பாய்விரித்துச் சென்றது. மூலம் கூடத்தில், வாழ்வு கடலில் என்னும் இப்பகுப்பு பின்பற்றத்தக்கது.

5. புளூக்கர்: எடுக்கப்படாத கப்பல்

இரும்புக் கப்பலின் நிலை இவற்றிலிருந்து வேறுபட்டது. புளூக்கர் 200 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுடைய கனரகப் போர்க்கப்பல். 1939 செப்டம்பரில் பணியில் சேர்க்கப்பட்டது. படைவீரரையும் ஆட்சியலுவலரையும் ஏற்றிக்கொண்டு 1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் ஒஸ்லோ நோக்கி வந்தபோது, ஒஸ்கார்ஸ்போர்க் தீவுக்கோட்டையின் தளபதி பிர்கர் எரிக்சன் சுடுமாறு ஆணையிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் குருப் ஆலையில் வார்க்கப்பட்ட 28 செண்டிமீட்டர் பீரங்கிகள் இரண்டு, ஆளுக்கொரு குண்டை எறிந்தன. இரண்டும் தைத்தன. அடுத்து, கோட்டையின் மறைவான குகைத்தளத்திலிருந்து ஏவப்பட்ட நாற்பதாண்டுப் பழமையான நீர்மூழ்கிக் கணைகள் கப்பலின் உடலைப் பிளந்தன. சில மணி நேரத்தில் அது கவிழ்ந்து மூழ்கியது. அதனால் கிடைத்த கால இடைவெளியில் மன்னர் ஏழாம் ஹாக்கோனும் அரசும் நாடாளுமன்றமும் நாட்டின் பொன்னிருப்பும் ஒஸ்லோவை விட்டு வெளியேற முடிந்தது.

இறந்தோர் தொகை 600 முதல் 1,000 வரை எனப் பலவாறு மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பலர் கப்பலுடனேயே கிடக்கின்றனர். ஆகவே அக்கப்பல் வரலாற்றுச் சான்று மட்டுமன்று, கல்லறையுமாகும்.

அதனை ஏன் எடுக்கவில்லை என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. கடல்நீரில் கிடந்த இரும்பினுள் குளோரைடு உப்புகள் ஊறியிருக்கும். காற்றுப் பட்டவுடன் அவை துருவை விரைவுபடுத்தும். அவ்வுப்புகளை நீக்க, பொருளைக் காரக் கரைசலில் பல ஆண்டுகள் ஊறவைக்க வேண்டும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ‘ஹன்லி’ என்னும் உள்நாட்டுப் போர்க்கால நீர்மூழ்கி ஏறத்தாழ 12 மீட்டர் நீளமே உடையது. அதற்கே கால் நூற்றாண்டு தாண்டியும் பராமரிப்புப் பணி நீள்கிறது. வெடிபொருளும் எண்ணெயும் நிறைந்த 200 மீட்டர்க் கப்பலுக்கு அத்தகைய தொட்டியை எண்ணிப்பார்க்கவும் இயலாது.

எனவே நோர்வே தேர்ந்தது பகுத்துக் கையாளும் வழியாகும். 1994இல் கப்பலின் தொட்டிகளிலிருந்து ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் உறிஞ்சி எடுக்கப்பட்டது. அது நீரிணையின் சூழலைக் காக்கும் செயல். அப்போது கப்பலிலிருந்த அராடோ வகைக் கடல் வானூர்தியொன்று வெளிக்கொணரப்பட்டு, ஸ்டவாங்கருக்கு அருகிலுள்ள சோலா வானூர்தி அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. நங்கூரம் ஒஸ்லோவுக்கு வந்தது. சுட்ட பீரங்கிகள் ஒஸ்கார்ஸ்போர்க்கிலேயே உள்ளன. கோட்டை இன்று மக்கள் சென்று காணும் இடமாகியுள்ளது. நோர்வேயின் பண்பாட்டு மரபுச் சட்டம் நூறாண்டு கடந்த கப்பல்களுக்கே இயல்பான பாதுகாப்பளிக்கிறது. புளூக்கருக்கு அவ்வயது நிரம்பாமையால், 2016 ஜூனில் தனி ஆணையால் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கப்பட்டது. இவ்வாறு ஒரே கப்பலின் காட்சி, கடலடி, கோட்டை, நகரம், வானூர்திக் கூடம் என நான்கு இடங்களில் பிரிந்து நிற்கிறது. நீரிணைக் கரையில் நிற்பவர்க்குக் கப்பல் தெரிவதில்லை. ஆனால் அவர் கல்லறையின் விளிம்பில் நிற்பதை அறிவார்.

6. முரசும் நடுகல்லும்

ஆக்கர் பிரிக்கேயின் நங்கூரத்தைத் தமிழ் மரபின் துணைகொண்டு எவ்வாறு பொருள்கொள்வது? நம் பழமரபில் இதற்கு இரு ஒப்புமைகள் உள்ளன. பகைவரின் காவல்மரத்தை வெட்டி வந்து முரசாக்குவது ஒன்று. கடல் கடந்து கடம்பெறிந்து, அம்மரத்தால் முரசு செய்த இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனின் செயலைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. அது வெற்றிப்பொருள், பகைவனின் பெருமையைத் தன் பெருமையின் கருவியாக்குவது. போரில் வீழ்ந்தவனுக்கு, பெயரும் பீடும் பொறித்து நடுகல் எடுப்பது மற்றொன்று. அது நினைவுப்பொருள், இறந்தோன் இன்றியும் அவனை நிகழ்காலத்தில் நிறுத்துவது.

பகைவரின் கப்பலிலிருந்து வந்த நங்கூரம் முதலில் முரசின் இயல்பையே பெற்றிருத்தல் கூடும். ஆனால் கப்பல் கல்லறையெனச் சட்டத்தால் ஏற்கப்பட்ட பின், அதே நங்கூரம் நடுகல்லின் இயல்பையும் பெறுகிறது. மூழ்கிய போர்க்கப்பலைக் காட்சிப்படுத்தும் எந்த அருங்காட்சியகமும் இவ்விரண்டுக்கும் இடையே தன் நிலையைத் தேர்ந்தாக வேண்டும். விளக்கப்பலகையில் பீரங்கிகளின் எண்ணிக்கை மட்டும் இடம்பெறின் அது முரசு. மூழ்கியோர் யாவர், அவர்களின் அகவை என்ன, எதன் பொருட்டு அனுப்பப்பட்டனர் என்பனவும் இடம்பெறின் அது நடுகல்.

7. தமிழ்க் கடற்கரையின் நிலை

தமிழர் வாழும் கடற்பரப்பிலும் இதே வினாக்கள் உள்ளன. புளூக்கர் மூழ்கிச் சரியாக ஈராண்டு கழித்து, 1942 ஏப்ரல் 9 அன்று, பிரித்தானிய வானூர்தி தாங்கிக் கப்பலான ‘ஹெர்மிஸ்’ ஜப்பானிய வானூர்திகளின் தாக்குதலில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 300க்கு மேற்பட்டோர் இறந்தனர். 50 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கும் அக்கப்பல் முக்குளிப்போர் தேடிவரும் இடமாகியுள்ளது. அதுவும் கல்லறையே. ட்ரோபாக்கில் செய்யப்பட்டதைப்போல, கரையில் அதன் வரலாற்றைச் சொல்லும் இடமும், கடலடியில் எதையும் பெயர்க்காத ஒழுங்கும் அதற்கும் உரியவை.

சென்னையின் நினைவு வேறுவகையில் எஞ்சியது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியக் கப்பல் ‘எம்டன்’ நகர்மீது குண்டெறிந்து எண்ணெய்த் தொட்டிகளைத் தீக்கிரையாக்கியது. அவ்வாண்டு நவம்பர் 9இல் கோகோஸ் தீவுகளில் அது அழிந்தது. கப்பலின் எச்சம் தொலைதூரத் தீவில் சிதைந்தாலும், சூழ்ச்சித் திறனுடையவனை ‘எம்டன்’ என்று கூறும் வழக்கு தமிழில் நிலைத்தது. கப்பல் அழிந்தும் அதன் பெயர் மக்கள் நாவில் காக்கப்பட்டமைக்கு இதைவிடச் சிறந்த சான்று காண்பதரிது.

மரக்கலங்களைப் பொறுத்தவரை இயற்கை நமக்கு எதிராக நிற்கிறது. வெப்பமும் உப்பும் மிகுந்த நம் கடலில் கப்பற்புழு செழித்து வாழ்கிறது. மணலால் மூடப்படாத மரம் நீண்டகாலம் எஞ்சுவதில்லை. பூம்புகாருக்கு அப்பால் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்டறிந்த கப்பற் சிதைவில் 1791, 1792 என ஆண்டு பொறிக்கப்பட்ட ஈயக்கட்டிகள் கிடைத்தமை நன்கறியப்பட்டது. பொதுவாக இத்தகைய இடங்களில் உலோகமும் கல்லும் சுட்ட மண்ணும் நிற்கும், மரம் மறையும். 1025இல் கடாரத்தின்மீது சென்ற இராசேந்திரனின் கலங்களைத் திறந்த கடலடியில் தேடுவதால் பயன் விளைதல் அரிது.

ஆனால் ஒஸ்லோ, ரொஸ்கில்டு ஆகியவற்றின் படிப்பினை வேறோர் இடத்தைச் சுட்டுகிறது. அங்குக் கப்பல்கள் கிடைத்தது சேற்றிலும் களிமண்ணிலும் ஆகும். கேரளத்தின் பட்டணம் அகழாய்வில் 2007இல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள அயினி மரத்து ஓடமொன்று, ஈரமண்ணில் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டது. கடல் பின்வாங்கியதால் இன்று உள்நாட்டில் அமைந்துவிட்ட கொற்கை, தூர்ந்துபோன காவிரிக் கழிமுகங்கள், பழைய உப்பங்கழிகள் ஆகியனவே நம் மரக்கலங்கள் எஞ்சியிருக்கத்தக்க இடங்கள். அவற்றை வெளிக்கொணரப் போவது முக்குளிப்பவரின் விளக்கொளியாக இராது. கிணறு தோண்டுவோரின் மண்வெட்டியாகவோ, சாலைப் பணியின் தோண்டு எந்திரமாகவோ இருத்தலே மிகுதியும் நிகழக்கூடியது.

அந்நாளில் முதல் சில மணி நேரமே முடிவை வரையறுக்கும். வெளிப்பட்ட மரத்தை வெயிலில் விட்டு, மாலை அணிவித்துப் படமெடுத்து, செய்தியாளரை அழைத்து முடிப்பதற்குள் அது வெடிக்கத் தொடங்கியிருக்கும். செய்யவேண்டியவை எளியவை: ஈரச் சாக்காலும் நெகிழித்தாளாலும் மூடுதல், இடைவிடாது நீர் தெளித்தல், எடுக்கும் வசதி வரும்வரை மீண்டும் அதே சேற்றால் புதைத்தல். புதைத்து வைப்பது தோல்வியன்று. அதுவும் ஒரு காக்கும் முறையே. 2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ நீரடிப் பண்பாட்டு மரபு உடன்படிக்கையும் கிடந்த இடத்திலேயே காத்தலை முதல் தெரிவாகக் கருதுமாறு கூறுகிறது. நோர்வே அவ்வுடன்படிக்கைக்கு எதிராக வாக்களித்த நாடுகளுள் ஒன்று. ஆயினும் புளூக்கரில் அது பின்பற்றியது இந்நெறியையே.

இலங்கையின் காலியில் கிடைத்த படிப்பினையும் இங்கு நினையத்தக்கது. 1659இல் அங்கு மூழ்கிய ஒல்லாந்தக் கப்பல் ‘அவொண்ட்ஸ்டர்’ முறையாக அகழப்பட்டு வந்த வேளையில், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை கரையோர ஆய்வுக்கூடத்தைத் தாக்கியது. கடலிலிருந்து மீட்டவற்றைக் கடல் மீண்டும் கொண்டு செல்லக்கூடும். பேணுகைக் கூடத்தைக் கடலோரத்தில் அமைப்பதற்குமுன் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, கப்பலை எடுத்தல் பணியின் தொடக்கமே. ஓசெபெர்க் 21 ஆண்டுகளையும், வாசா 29 ஆண்டுகளையும் எடுத்துக்கொண்டன. இரண்டும் இன்றும் பராமரிப்பில் உள்ளன. எடுப்பதற்கு முன்பே தொட்டியும் வேதியியல் வல்லுநரும் தலைமுறை கடந்த நிதி ஒதுக்கீடும் உறுதியாக வேண்டும்.

இரண்டாவது, செய்த ஒவ்வொன்றையும் எழுதிவைத்தல் வேண்டும். எந்தப் பொருள், எவ்வளவு வெப்பத்தில், எத்தனை மணி நேரம் என்னும் பழங்குறிப்புகளே இன்று ஓசெபெர்க்கின் பிணியை அறிய உதவுகின்றன.

மூன்றாவது, எடுக்காமல் விடுவதும் அறிவார்ந்த முடிவாகலாம். இறந்தோர் உடனுறையும் கலங்களுக்கு அதுவே அறமுமாகும்.

நான்காவது, தமிழில் இத்துறைக்கெனத் தொழிற்கல்வியும் கையேடும் தேவை. நீர்தோய்ந்த மரம் கண்டால் செய்யவேண்டியதை ஒரு பக்க அளவில் அச்சிட்டு, கடலோர மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கும் பொதுப்பணித் துறையினர்க்கும் மீனவர் சங்கங்களுக்கும் வழங்குதல் பெருஞ்செலவில்லாத முதற்படியாகும்.

நம் இலக்கியம் நாவாய், கலம், வங்கம், அம்பி, திமில், தோணி எனக் கடற்கலங்களைப் பெயர் பிரித்துச் சொல்லுகிறது. அச்சொற்களுள் ஒன்றையேனும் மரத்தில் காணும் வாய்ப்பு என்றேனும் ஒருநாள் நமக்குக் கிட்டலாம். அன்று அதனைக் காண்போர் அதன்மேல் ஊற்ற ஒரு குடம் நீருடன் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.